ஆல்-டெரெய்ன் டயர்: பட்டனுக்கு முன் பக்கச்சுவரைப் பாருங்கள்

பெரும்பாலும் தார்ச்சாலை, அவ்வப்போது மண், சரளை, பாறை என்று ஓடும் வண்டிக்கு எந்த டயர் போடுவது? இந்தக் கேள்வி எழுந்ததுமே பேச்சு பட்டன் பக்கம், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகள் பக்கம் போய்விடுகிறது. பட்டன் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருந்தால் டயர் கெட்டி என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் கடையில் ஒரே பெயரில், ஒரே பட்டன் வடிவத்தில் இருக்கும் டயரே இரண்டு வெவ்வேறு உடம்போடு, அதாவது வேறு வேறு பக்கச்சுவரும் உள்கட்டும் கொண்டு வருகிறது. சாலையில் வண்டி எப்படி ஓடும், பாறையில் டயர் பிழைக்குமா என்ற இரண்டையும் பட்டனை விட அந்த உடம்புதான் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் அதை முடிவு செய்யுங்கள், பட்டன் அப்புறம்.

முதலில் எல்லை வகைகளைப் பார்த்துவிடலாம். எம்/டி எனப்படும் மட் டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் இருக்கும். சக்கரம் சுற்றும்போதே சேற்றைத் தானாக உதறிவிடும், அதுதான் அதன் தனித்திறமை. தாரில் அதே பள்ளங்கள் இரைச்சலாகவும், மழையில் நீளும் பிரேக் தூரமாகவும் மாறிவிடும். வாராவாரம் ஆழச் சேற்றில் இறங்குபவருக்கு மட்டும் இது பொருந்தும். ஆர்/டி எனப்படும் கலப்பு வகையில் ஓரப் பட்டன்கள் எம்/டி போலவும் நடுப்பகுதி ஏ/டி, அதாவது ஆல்-டெரெய்ன் போலவும் இருக்கும். நிட்டோ ரிட்ஜ் கிராப்ளர், டோயோ ஓப்பன் கன்ட்ரி ஆர்/டி, யோகஹாமா ஜியோலேண்டர் எக்ஸ்-ஏடி எல்லாம் இந்தக் கூட்டம். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் தார் ஓட்டமே அதிகம் என்றால் அந்த மிடுக்குக்குத் தினமும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மறுபக்கம் எச்/டி, அதாவது சாதாரண நெடுஞ்சாலை டயர். இதைப் பலர் ரொம்பக் குறைத்து மதிக்கிறார்கள். காய்ந்த மண் பாதையிலும் நன்றாகப் பராமரித்த சரளைச் சாலையிலும் சரியான காற்றழுத்தத்தோடு இது தாராளமாகப் போகும். இதன் குறை வேறு இடத்தில். கூர்க்கல் பட்டால் பட்டன் சில்லு சில்லாகப் பெயரும், ஈர மண்ணில் பள்ளங்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பக்கச்சுவரும் மெல்லியது. உங்கள் ஆஃப்ரோடு என்பது வருடத்தில் இரண்டு மூன்று முறை மண் ரோட்டில் போவதுதான் என்றால் ஏ/டி-க்கே போக வேண்டாம் என்பேன்.

சரி, ஏ/டி-தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இப்போது உடம்புக்கு வருவோம். டயரின் பக்கத்தில் அளவுக்கு முன்னால் 'எல்டி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இலகுரக லாரி தரத்தில் கட்டிய டயர். இல்லையென்றால் பெரும்பாலும் எஸ்எல், அதாவது வழக்கமான சுமைத் தரம். 265/70 ஆர்17 அளவையே எடுத்துக்கொள்வோம். எஸ்எல் வகையில் சுமைக் குறியீடு 115, அதாவது ஒரு டயருக்கு 1215 கிலோ. அதே அளவில் எல்டி, அதிலும் லோட் ரேஞ்ச் ஈ எனப்படும் கனமான சுமைத் தரம் என்றால் குறியீடு 121, 1450 கிலோ. ஆனால் அந்த 1450 கிலோவைத் தாங்க 80 பிஎஸ்ஐ காற்று வேண்டும். 35 பிஎஸ்ஐ-யில் ஓட்டினால் எல்டி டயரின் தாங்கும் திறன் எஸ்எல்லை விடக் குறைவு. இதைத் தெரியாமல் எல்டி-யை மாட்டிவிட்டு, கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அளவுக்கே காற்று அடித்து, முழுக் குடும்பமும் சாமானும் ஏற்றி ஓடுபவர்கள் நிறைய. எஸ்எல்-லிருந்து எல்டி-க்கு மாறினால் சுமை அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டியே ஆக வேண்டும். கூட்டினால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். அதுதான் எல்டி-யின் விலை.

எடையும் சேர்ந்துகொள்கிறது. இந்த அளவில் லோட் ரேஞ்ச் ஈ டயர் ஒவ்வொன்றும் எஸ்எல் டயரை விடச் சுமார் 5 கிலோ கூடுதலாக இருக்கும். சுற்றுகிற எடை என்பதால் வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, எரிபொருள் என மூன்றிலும் அது தெரியும்.

அப்படியானால் எல்டி எதற்கு? பக்கச்சுவருக்காகத்தான். பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் போட்டுக்கொண்டு போகலாம். பக்கச்சுவர் கிழிந்தால் முறையான ரிப்பேர் கிடையாது, டயரே போச்சு. கல் பாதையில் காற்றை இறக்கி மெதுவாக ஏறும்போது சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். அந்த நேரம் பாறையின் ஒரு கூர்முனை, பட்டனுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, லேசாக உரசினாலே போதும். மெல்லிய சுவர் என்றால் 'புஸ்' சத்தத்தோடு கதை முடிந்துவிடும். கூர்ப்பாறைப் பாதை, உதவி கிடைக்காத தூரம், கனமான சுமை, இழுவை வண்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வாடிக்கை என்றால் எல்டி எடுங்கள். எதுவுமே இல்லையென்றால் எஸ்எல் ஏ/டி-தான் சரியான இடம்.

இந்த அளவுகோலோடு மாடல்களைப் பார்த்தால் குழப்பம் பாதியாகிவிடும்.

பிஎஃப்குட்ரிச் ஆல்-டெரெய்ன் டி/ஏ வரிசை 1976-லிருந்தே இருக்கிறது. அதில் கேஓ2 2014-லும், அடுத்த தலைமுறையான கேஓ3 2024-லும் வந்தன. அநேகமாக எல்லா அளவுகளுமே எல்டி. பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள் பகுதியில் தடித்த ரப்பர், சில்லுப் பெயராத கலவை என்று முழுக்க முழுக்கக் கல்லுக்காகவே கட்டியது. கல்லில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் டயர் இது. ஆனால் அதே கெட்டித்தனம் நனைந்த தாரில் இதற்குப் பாதகம். ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு சாலைதான் என்கிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது எவ்வளவு பேர் பெற்ற டயராக இருந்தாலும்.

டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏ/டி III, ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி3டபிள்யூ, அதன் வாரிசான ஏ/டி4டபிள்யூ, யோகஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 ஆகியவை நடுப்பாதைக்காரர்கள். இவை இரண்டு உடம்பிலும் கிடைக்கும். டோயோவின் வட அமெரிக்கத் தேய்மான உத்தரவாதமே ஒரு செய்தி சொல்கிறது: சாதாரண வகைக்கு 65,000 மைல், எல்டி-க்கு 50,000 மைல். பெயரும் பட்டனும் ஒன்றுதான், கணக்கு மட்டும் வேறு. இவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். சாலை அமைதி முக்கியம் என்றால் என் சாய்வு ஜியோலேண்டர் பக்கம். கல்லும் சுமையும் கொஞ்சம் அதிகம் என்றால் ஃபால்கன். இரண்டும் பாதிப்பாதி என்றால் டோயோ.

இன்னும் மென்மையான பக்கம் பிஎஃப்குட்ரிச் ட்ரெயில்-டெரெய்ன் டி/ஏ, ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி ட்ரெயில் மாதிரியானவை. கிராஸ்ஓவர், சிறிய எஸ்யூவிகளுக்காகவே வந்தவை. ஓட்டும்போது கிட்டத்தட்ட நெடுஞ்சாலை டயர் போல இருக்கும், சரளைக்குப் போதுமான தைரியமும் உண்டு. கனரக எல்டி-யை ஒரு சிறிய கிராஸ்ஓவரில் மாட்டி அதன் சஸ்பென்ஷனைத் திணறடிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

மழைச்சாலை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது அதுதான். மணலில் சிக்கினால் ஒரு மணி நேரம் போகும், நனைந்த வளைவில் பிடி விட்டால் திரும்ப வாய்ப்பே இல்லாமல் போகலாம். பட்டன்களின் மேல் கோடு கோடாக மெல்லிய வெட்டுகள் இருக்கும், சைப் என்பார்கள். ஈரத் தாரில் தண்ணீர்ப் படலத்தை உடைத்துப் பிடி தருவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. வாங்கும் முன் ஒரு பட்டனை விரலால் விலக்கி, அந்த வெட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பாதி ஆழத்திலேயே நின்றுவிட்டால், டயர் பாதி தேய்ந்ததும் அந்த வெட்டு மறைந்துவிடும். அப்புறம் வெறும் ரப்பர் கட்டிதான். ஆழம் இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கிறதே என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், மழைப் பிடி எப்போதோ போயிருக்கும்.

பனிப் பிரதேசத்தில் ஓட்டுபவர்கள் மூன்று சிகரமும் பனிச்செதிலும் வரைந்த முத்திரையைத் தேடுங்கள். எம்+எஸ் (சேறு, பனி) எழுத்துகள் பட்டன் அமைப்பை வைத்து மட்டும் கொடுப்பவை. சிகர முத்திரைக்கு இறுகிய பனியில் நிஜமான பிடிமானச் சோதனை உண்டு. ஆனால் அது வளைவுப் பிடிக்கான சான்று அல்ல, கண்ணாடி போல உறைந்த சாலைக்கும் அல்ல.

அளவைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 265/70 ஆர்17 போட்டால் விட்டம் 776-லிருந்து 803 மில்லிமீட்டர் ஆகும். தரை இடைவெளி கூடுவது அதில் பாதி, வெறும் 13 மில்லிமீட்டர்தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். முழு ஸ்டீயரிங் ஒடிக்கும்போது உட்பக்கம் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரிய அளவு எல்டி-யில்தான் கிடைக்கிறது என்றால், அந்த 13 மில்லிமீட்டருக்காக எஸ்எல்லை விட்டு எல்டி-க்கு மாறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காசு மிச்சமானால் ஒரு நல்ல கம்ப்ரஸரும் அழுத்த மானியும் வாங்குங்கள். 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கிய சாதாரண ஏ/டி, 40-ல் நிற்கும் எம்/டி-யை மணலில் சுலபமாக முந்தும், ஏனென்றால் தரையில் படியும் தடம் நீண்டுவிடுகிறது. எஸ்எல் சுவர் சுலபமாக மடங்குவதால் கொஞ்சம் இறக்கினாலே போதும். லோட் ரேஞ்ச் ஈ அதே தடத்துக்கு இன்னும் கீழே இறங்க வேண்டும். தாருக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் சுவர் சூடேறி உள்ளேயே பிய்ந்துவிடும்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கை மாற்றிவிட்டு ஐந்தாவதாகப் பழைய மெல்லிய டயரையே தொங்கவிடுபவர்கள் நிறைய. விட்டம் வேறான ஸ்டெப்னியோடு நான்கு சக்கர ஓட்டத்தில் போனால் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் சுமை. ஐந்தையும் ஒன்றாக வாங்கி, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ரொட்டேஷன் செய்யுங்கள், அதாவது டயர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். கடையில் பில் போடும் முன் ஐந்தின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் அது. 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம்.