குறுக்கு வலி: கத்தியா, பாயா?

என் மச்சான் குறுக்கில் கத்தி வைத்து ஆபரேஷன் செய்துகொண்டார். நான் அதற்குப் போகாமல் பாயை விரித்துப் பயிற்சி செய்தேன். இருவருக்கும் ஸ்கேனில் வந்தது கிட்டத்தட்ட ஒன்றுதான்: எல்4-எல்5, அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கியிருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருவருக்கும் விசைப்படகுத் தொழில். மடி வலையில் வந்த மீனைக் குனிந்தபடியே பிரித்து, ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கிக் குறுக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள்.

சிலருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஒன்றுக்குப் போவது கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காசைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதலில் அதைக் காட்டி விசாரியுங்கள்.

ஆபரேஷனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். மச்சானுக்கு வலி குறுக்கில் இல்லை. பிட்டத்தில் கிளம்பி கெண்டைக்கால் வழியாகக் கால் பெருவிரல் வரை இழுத்தது. மூன்று மாதம் மாத்திரையும் பிசியோவும் பார்த்தும் மசியவில்லை. மதுரையில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் கண் விழித்தபோது கால் இழுப்பைக் காணோம். நரம்பு நசுங்கிக் கால் இழுப்பவர்களுக்குக் கத்தி சீக்கிரம் கேட்கும். வலி குறுக்கோடு நிற்பவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எனக்கு முக்கால்வாசி குறுக்குதான். ஸ்கேனைப் பார்த்து மிரளவும் வேண்டாம்; வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும்.

கால் இழுப்புக்கே நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடத்தி 2007-இல் வெளியிட்டார்கள். உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பொறுத்திருந்தவர்களும் அதே நிலைக்கு வந்திருந்தார்கள். ஆனால் பொறுத்தவர்களிலும் பத்தில் நான்கு பேர் இடையில் கத்திக்குப் போனவர்கள். அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

நான் மார்ச்சில் வலி வந்து படுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்து காப்பாற்றியது. படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற அந்த நாட்களில் நான் பாயில். படுத்தே கிடக்கவில்லை, கிடந்தால் குறுக்கு இன்னும் இறுகும் என்று பிசியோ விரட்டினார். காலையில் கரையோரமாக அரை மணி நடை, அப்புறம் பயிற்சி. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்குவதற்கு அவர் வைத்த பெயர் ‘பாலம்’. பாம்பன் புதுப் பாலத்தில் கப்பலுக்காக நடுத் தூக்கு மட்டும் நேராக மேலே போகுமே, அப்படி. முதல் வாரம் என் பாலம் நாலு விரற்கடைகூட எழும்பவில்லை.

தடை முடிந்தும் பெட்டி தூக்க முடியவில்லை. கையில் காசில்லாமல் போன ஜூலை, ஆகஸ்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இழந்த பிறகும் பாய் பக்கமே நிற்கிறேன் என்றால் அது பராமரிப்பால்தான். ஆபரேஷனில் எடுப்பது பிதுங்கிய துண்டை மட்டும். மீதி ஜவ்வு அங்கேயேதான் இருக்கிறது. சிலருக்கு அதே இடத்தில் திரும்பவும் பிதுங்கும். மச்சான் ஆறு வாரம் சொன்னபடி குனியாமல், தூக்காமல் இருந்தார். அப்புறம், “அதான் சரி பண்ணியாச்சுல்ல” என்று பயிற்சியை விட்டுவிட்டார். அடுத்த சீசனிலேயே ஐஸ் பெட்டி, அதே கால் இழுப்பு. இப்போது பக்கத்துப் பாயில் அவரும் பாலம் கட்டுகிறார். படகுக்கு எஞ்சின் மாற்றினால் ஆயில் மாற்றுகிற வேலை போய்விடுமா? கத்தி வைத்தாலும் பாய் தப்பாது. அவசர அறிகுறி இல்லையென்றால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முதலில் பாயை விரித்துப் பாருங்கள் என்பது அதனால்தான். தினமும் இருபது நிமிடம், கடலுக்குப் போகிற நாளிலும் சேர்த்து. இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் குறுக்கு ஞாபகப்படுத்திவிடும்.

நான் தேறி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஐம்பதைத் தாண்டியும் இது தாங்குமா, பார்க்க வேண்டும். எலும்புகளைச் சேர்த்து ஸ்க்ரூ வைக்கிற ஆபரேஷனை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை, அதைப் பற்றிச் சொல்லத் தெரியாது.

அம்மாவுக்கு 68. தெருமுனை வரை நடந்தால் இரண்டு காலும் மரத்துவிடுகிறது. குனிந்து உட்கார்ந்தால் சரியாகிறது. தண்டுவடப் பாதை சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்திச் செய்கிற என் பயிற்சிகளை அம்மாவுக்குச் சொல்லித் தரவில்லை, அது வலியைக் கூட்டும். அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறோம். அங்கே கத்தி என்று சொன்னால் நான் குறுக்கே நிற்கப்போவதில்லை.