ஆமைக் குஞ்சா, மீன்வலையா: மாதாமாதம் கொடுக்கும் காசு எதற்குப் போகலாம்?

கடலுக்காக மாதம் ஒரு தொகை ஒதுக்கலாம் என்று நினைத்தபோது உள்ளூரில் என் கண்ணில் பட்டவை இரண்டு அமைப்புகள். ஒன்று, கடலாமை முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவது. மற்றது, மீனவர்களோடு உட்கார்ந்து வலையைத் திருத்துவது, எந்தப் பகுதியை எத்தனை நாள் விட்டுவைப்பது என்று பேசுவது. நான்கு வருடம் முதலாவதற்குக் கொடுத்தேன். ஒன்றரை வருடமாக இரண்டாவதற்குக் கொடுக்கிறேன். அதனால் இங்கே முழு நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கடற்கரையில் குப்பை பொறுக்கும் குழுக்களும் உண்டு. அவர்களுக்குக் காசைவிட ஆள்தான் தேவை, ஒரு காலைப்பொழுது போய் வந்தால் போதும்.

ஆமைக் குழுவின் பெரிய பலம், வேலை கண்ணுக்குத் தெரிவது. இரவில் கரையோரம் நடக்க வேண்டும், சிவப்பு விளக்குதான் அனுமதி. ஆமை ஏறிவந்த தடம் தெரிந்தால் குழியைத் தேடி, முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. கிட்டத்தட்ட 29 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதைத் தாண்டினால் பெண்ணே அதிகம். ஐம்பது நாள் போல ஆனதும் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒன்று துடுப்பை அடித்துக்கொண்டு அலையை நோக்கி ஓடும். அதைப் பார்த்தவர் யாரும் சந்தாவை நிறுத்த மாட்டார்கள். நானும் ரொம்ப நாள் நிறுத்தவில்லை.

நிறுத்த வைத்தது ஒரு பழைய கணக்கு. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைப் பெருந்தலை ஆமைகளை வைத்து டெபோரா குரூஸ், லாரி குரவுடர், ஹால் காஸ்வெல் மூவரும் 1987இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முட்டையும் குஞ்சும் ஒன்றுகூடச் சாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் போகும் என்று வந்தது. பாதி வளர்ந்த ஆமைகள் சாவதைக் குறைத்தால்தான் நிலைமை திரும்பும். அன்று அவை பெரும்பாலும் எங்கே செத்தன? இறால் பிடிக்கும் இழுவலைக்குள், மூச்சுவிட மேலே வர முடியாமல்.

அதற்கு மருந்தும் வலையிலேயே இருக்கிறது. இழுவலைக்குள் ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு இடையே நுழைந்துவிடும், ஆமை கம்பியில் முட்டி, அதை ஒட்டிய திறப்பு வழியாக வெளியேறிவிடும். இதன் முன்னோடியை ஜெல்லிமீன் தொல்லை தாங்காமல் செய்தவர் ஜார்ஜியா மாநில இறால் மீனவர் சிங்கி பூன். கரையில் உட்கார்ந்து யாரோ வரைந்து கொடுத்த சாதனம் இல்லை. மீனவரை எதிராளியாகப் பார்க்கும் அமைப்பு இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயம்: பராமரிப்பு. கம்பிச் சட்டத்தை இலவசமாகக் கொடுப்பது எளிது. ஒரு சீசன் கழித்து அது வலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கம்பி வளையும், திறப்பின் மடல் கிழியும். மீன்பாடு குறைகிற நாளில், இறாலும் இதன் வழியே நழுவுகிறதோ என்ற சந்தேகத்தில் திறப்பைக் கயிற்றால் கட்டிவிட்டால் முடிந்தது கதை. ஆக, மாதாமாதம் படகுத்துறைக்குப் போய்ப் பார்க்கவும், கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கவும், சண்டை வந்தால் நின்று பேசவும் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும். திட்ட நிதியில் கருவி வாங்கப் பணம் வரும், இந்த ஆளுக்கான சம்பளம் மட்டும் திட்டம் முடிந்ததும் நின்றுவிடும். என்னைப் போன்றவர்களின் சின்னத் தொகை உதவுவது இங்கேதான்.

நான் கொடுக்கும் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார். விடியற்காலை படகு கரை சேர்ந்ததும் அளவுப் பலகையில் மீனை வைத்து மூக்கிலிருந்து வால்வரை அளந்து நோட்டில் எழுதுவார். “இதை எழுதி என்னண்ணே ஆகப்போகுது?” என்று கேட்டேன். “பொடிமீனா வருதுன்னு நான் வாயால சொன்னா சண்டைக்கு வருவாங்க தம்பி. நோட்டைக் காட்டினா உக்காந்து பேசுவாங்க” என்றார். ஆமைக் குழுவிடம் ஆண்டறிக்கை கேட்டபோது எனக்கு வந்தது அழகான பதினாறு புகைப்படங்கள். விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை இருந்தது, கரையில் செத்து ஒதுங்கிய பெரிய ஆமைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு பகுதியை மீன்பிடிக்காமல் விட்டுவைப்பது பலிக்குமா என்றால், பலித்த இடங்கள் உண்டு. பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் 1982 முதல் ஊர்க்காரர்களே ஒரு பகுதியைக் காத்தார்கள். மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995இல் பூங்கா வந்தது, 1999க்கும் 2009க்கும் இடையே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. இரண்டிலும் காவல் காத்தது உள்ளூர் ஆட்கள். எங்கள் குழு விட்டுவைத்த பகுதியிலும் மீன் கூடியதாகச் சொல்கிறார்கள். நான் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவனில்லை, ஒன்றரை வருட நோட்டை வைத்து அடித்துச் சொல்லவும் மாட்டேன்.

பொரிப்பகத்தை மூடிவிடச் சொல்லவும் இல்லை. நாயும் நரியும் குழியைத் தோண்டும் கரையில் அது வேண்டியதுதான். சீசனில் இரண்டு இரவு இன்னும் நடக்கப் போகிறேன். காசு மட்டும் நோட்டு வைத்திருப்பவர் பக்கம் போகிறது.