சேலத்தின் ஈரக் குப்பை: உரமா, எரிவாயுவா, உலையா?

இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் குப்பை. சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் இது பொருந்தும். சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகளில் கழியும் காய்கறி, வ.உ.சி. மார்க்கெட்டில் விற்காமல் வாடும் பூ, உணவகங்களின் மீதச் சோறு, வீட்டுச் சமையற்கட்டின் தோல் எல்லாம் இதில் அடங்கும். இவற்றை எங்கே கொண்டுபோய் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் கணக்கு பெருமளவு மாறுகிறது. ஆகவே நம் முன் உள்ள வழிகளை அந்த ஒரு கணக்கை வைத்தே ஒப்பிட விரும்புகிறேன்.

எதனோடு ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒன்றுமே செய்யாமல் குப்பைக் கிடங்கில் கொட்டுவதுதான் அடிப்படை. ஐந்து மீட்டருக்கு மேல் குவிந்த மேட்டின் உட்புறத்தில் காற்று புகாது. அங்கே உணவுக் கழிவு அழுகும்போது வெளிவரும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். ஐபிசிசி என்னும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் வழிமுறைப்படி கணக்கிட்டால், அப்படிப்பட்ட மேட்டில் கொட்டப்படும் ஒரு டன் உணவுக் கழிவு காலப்போக்கில் சுமார் 40 கிலோ மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு வெப்பத்தைத் தேக்கும் என்பதால், அந்த ஒரு டன் கழிவு ஒரு டன்னுக்கும் சற்று அதிகமான கரியமில வாயுவுக்குச் சமமாகிறது. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேனின் வலிமை 80 மடங்கு. செட்டிச்சாவடிக் கிடங்கை நோக்கிச் செல்லும் ஒவ்வொரு லாரியையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

எரித்து மின்சாரம் எடுக்கும் உலையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. நம் ஊர் ஈரக் குப்பையில் பாதிக்கு மேல் நீர். அந்த நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் கணிசமான பங்கு செலவாகிவிடும். மறுசுழற்சிக்கு யாரும் எடுக்காத அழுக்குப் பிளாஸ்டிக்கை மட்டும் உலர்த்தி, சிமென்ட் ஆலைகளுக்கு நிலக்கரிக்கு மாற்றாக அனுப்புவது ஏற்கத்தக்கது. ஆனால் காயலான் கடை வாங்கிக்கொள்ளும் எதையும் அதில் சேர்க்கக் கூடாது. அலுமினியத்தைப் புதிதாக உருவாக்குவதை விட மறுசுழற்சி செய்வதற்கு ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்த ஆற்றல் போதும்.

உண்மையான போட்டி உரத்துக்கும் எரிவாயுவுக்கும் இடையேதான். உரமாக்கலில் காற்று புகுவதால் கழிவு பெரும்பாலும் கரியமில வாயுவாகவே சிதைகிறது. அது செடிகள் அண்மையில் காற்றிலிருந்து எடுத்ததே என்பதால் கணக்கில் சேராது. ஆயினும் குவியலின் உள்ளே காற்றில்லாத இடங்களில் சிறிது மீத்தேனும், அதைப் போலவே வெப்பத்தைத் தேக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் உண்டாகும். ஐபிசிசியின் பொதுக் கணக்குப்படி டன்னுக்கு நான்கு கிலோ மீத்தேன். இரண்டு வாயுக்களையும் சேர்த்தால் சுமார் 170 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எரிவாயுக் கலன் என்பது கழிவைக் காற்றில்லாமல் அழுகவிட்டு, வெளிவரும் மீத்தேனை எரிபொருளாகப் பிடிக்கும் மூடிய தொட்டி. அதில் வாயு அடைபட்டே இருப்பதால் கசிவு இதைவிடக் குறைவு. அதோடு ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து 80 முதல் 100 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். சமையல் சிலிண்டரில் சொன்னால் இரண்டரை முதல் மூன்று சிலிண்டர் வரை. அந்த அளவு எல்பிஜி எரியாமல் போவதால் நூறு கிலோவுக்கும் மேல் கரியமில வாயு தவிர்க்கப்படுகிறது.

ஆகவே தாளில் எரிவாயுவே வெல்கிறது. ஆனால் இந்த எண்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். கிடங்குக்குப் போகாமல் தடுப்பதால் கிடைக்கும் பயன் எந்த வழியிலும் எண்ணூறு கிலோவுக்கும் மேல்; இரண்டு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு இருநூற்றுச் சொச்சம் மட்டுமே. எனவே சிறந்த இயந்திரம் எது என்ற கேள்வியை விட, ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடக்கூடியது எது என்ற கேள்விக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். ஓராண்டு ஓடிப் பழுதாகிப் பூட்டிக் கிடக்கும் எரிவாயுக் கலனை விட, ஐந்தாண்டு இடைவிடாமல் கிளறப்படும் உரத்தொட்டி வளிமண்டலத்துக்குச் செய்யும் நன்மை பன்மடங்கு.

எரிவாயுக் கலன் எளிதில் கெடும். ஒரே நாளில் அளவுக்கு மீறி ஊட்டினால் உள்ளே புளித்து, அமிலம் ஏறி, மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் செயலிழக்கும். பிளாஸ்டிக் பை ஒன்று குழாயை அடைத்துவிடும். நாள்தோறும் ஒரே தன்மையுள்ள, பிரித்த கழிவு மொத்தமாகக் கிடைக்கும் இடத்தில்தான் அது நிலைக்கும்: உழவர் சந்தை, பெரிய உணவகம், விடுதிச் சமையற்கூடம். சேலத்துக்கு இதில் ஒரு முன்னனுபவம் உண்டு. மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துப் பயன்படுத்தும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இம்மாவட்டத்தில் பல உள்ளன. கலனைப் பராமரிக்கத் தெரிந்தவர்களை வெளியூரில் தேட வேண்டியதில்லை.

வீட்டுக் குப்பைக்கு, அந்தந்தப் பகுதியிலேயே தொட்டிகளில் உரமாக்கும் நுண் உர மையமே தக்கது. பிரிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் அது தாங்கும், சலிக்கும்போது எடுத்துவிடலாம். ஆனால் தேங்காய்நாரோ காய்ந்த இலையோ கலக்காமல், வாரம் ஒருமுறையேனும் கிளறாமல் விட்டால், அதுவும் காற்றில்லாத குட்டிக் கிடங்காகிவிடும். இந்த வேலையைச் செய்யும் தூய்மைப் பணியாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு உரமாக்கலின் பயனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஏற்காட்டுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. மீத்தேன் தரும் நுண்ணுயிரிகளுக்கு 35 டிகிரி வெப்பம் உகந்தது. மலையில் குளிர்கால இரவுகளில் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதால் கலனின் விளைச்சல் பெரிதும் குறையும். சுற்றுலாப் பயணிகளின் வருகையால் சனி, ஞாயிறுகளில் கழிவு பெருகி வார நாட்களில் வற்றுவதும் கலனுக்கு ஒவ்வாது. கழிவை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவருவது டீசலையும் எரித்து, நகரின் சுமையையும் கூட்டும். அங்கே உரமாக்கல்தான் சரி. உரக் குவியல் தன் வெப்பத்தாலேயே 55 டிகிரிக்கு மேல் ஏறக்கூடியது. விடுதிகளின் ஈரக் கழிவோடு காப்பிப் பழத்தோலையும் தோட்டத்துச் சருகையும் கலந்தால் சேர்க்கை நன்றாக அமையும். சமவெளியில் கண்ணாடித் துண்டு கலந்த உரத்தை வாங்க விவசாயிகள் தயங்குகிறார்கள். மலையில் தூய்மையாகப் பிரித்துச் செய்த உரத்தைக் கூப்பிடு தூரத்துக் காப்பித் தோட்டங்களிலேயே பயன்படுத்திக்கொள்ளலாம். மழையில் குவியல் நனைந்து காற்றோட்டம் அடைபடாமலிருக்கக் கூரை மட்டும் கட்டாயம் வேண்டும்.