மலிவு விலைப் பவர் சப்ளையோடு நான்கு வருஷம்

வோல்ட்டையும் கரண்ட்டையும் வேண்டிய அளவுக்குத் திருகி வைத்துக்கொள்ளும் 30 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளையை 4,000 ரூபாய்க்குள் வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசி (வோல்ட்டைக் குறைத்து நிலையாகத் தருவது) வைத்து நானே கட்டியதுதான். 24 வோல்ட் கொடுத்து 5 வோல்ட் எடுத்தால், அரை ஆம்பியருக்கே 9.5 வாட் சூடாகப் போகும். சேலத்து மே மாத வெயிலில் சூட்டை வெளியேற்றும் அந்த ஹீட்சிங்க் தகட்டில் கை வைக்க முடியாது.

புதுசில் எனக்கு மிகவும் பிடித்தது கரண்ட் லிமிட், அதாவது வைத்த அளவுக்கு மேல் கரண்ட் போகாமல் தடுப்பது. பக்கத்துத் தறிப் பட்டறை அண்ணன் ஒரு கன்ட்ரோல் போர்டு கொண்டுவந்தார், சப்ளை லைனில் ஷார்ட். வோல்ட்டை 1-க்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டு, கரண்ட்டை மட்டும் மெல்ல 1 ஆம்பியர் வரை ஏற்றினேன். லிமிட் பிடித்துவிட்டது என்று காட்டும் சிசி விளக்கு எரிந்தது, டிஸ்ப்ளேயில் அரை வோல்ட். போர்டை விரலால் தடவிக்கொண்டே வந்தால், ரெகுலேட்டர் பக்கத்தில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டது. ஷார்ட் திடீரென விட்டாலும் 1 வோல்ட் எதையும் கெடுக்காது.

ஆனால் லிமிட்டை முழுசாக நம்பக் கூடாது. 12 வோல்ட்டில் லிமிட்டை 20 மில்லி ஆம்பியருக்கு வைத்து, எல்இடியை நேராகத் தொட்டேன். ஒரு மின்னல், அவ்வளவுதான், போயே போச்சு. அவுட்புட் கெப்பாசிட்டரில் தேங்கிய சார்ஜ், லிமிட் வேலை செய்வதற்குள் பாய்ந்துவிடுகிறது. இப்போது எதையும் 0 வோல்ட்டில் மாட்டிவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.

கூட வந்த வயர்களை முதல் வாரமே மாற்றிவிடுங்கள். டிஸ்ப்ளே 5.0 காட்டும்போது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் மல்டிமீட்டர் வைத்தால் 2 ஆம்பியரில் 4.6. அந்த போர்டு 4.63-க்குக் கீழே போனாலே எச்சரிக்கை காட்டும். தடிமனான வயரில் முதலைக் கிளிப்பை சால்டர் செய்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இது எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டை மாற்றும் வகை என்பதால் ஏஎம் ரேடியோ ரிப்பேருக்கு இரைச்சல் அதிகம். அதற்கு மட்டும் பழைய எல்எம்317 பெட்டியையே எடுப்பேன். அப்புறம், எர்த் சரியாக இல்லாத சாக்கெட்டில் மாட்டினால் வெளிப்பெட்டியைத் தொடும்போது சுரீரென்கும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே கசிவது. எங்கள் வீட்டில் எர்த் வயர் சாக்கெட்டில் கழன்றுகிடந்தது, முடுக்கியதும் நின்றது.

மூன்றாம் வருஷம் ஃபேன் இரைய ஆரம்பித்தது. அம்மாபேட்டையில் தறி ஓடும் தெரு, பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, உள் கெப்பாசிட்டரில் இருக்கும் 300 வோல்ட்டுக்கு மேலான சார்ஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன். ஃபேன் இதழ்களில் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு. பிரஷ்ஷால் தட்டி, புது 12 வோல்ட் ஃபேன் மாட்டினேன். இப்போது ஆறு மாசத்துக்கு ஒருமுறை திறந்து தட்டிவிடுகிறேன்.