மிருகவதைப் புகார் சேவை: ஸ்டேஷனில் எது நடக்கும், எங்கே இடிக்கும்

தெருநாய்க்கு விஷம் வைத்தாலோ, மாடுகளை லாரியில் திணித்து அடைத்தாலோ, தமிழ்நாட்டில் நாம் முதலில் போக வேண்டிய இடம் உள்ளூர் காவல் நிலையம். கட்டணம் கிடையாது. விலங்கின் சொந்தக்காரர்தான் வர வேண்டும் என்பதும் இல்லை, பார்த்தவர் யாரும் கொடுக்கலாம். ஆனால் மனுவில் எந்தப் பிரிவைப் போடுகிறோம் என்பதை வைத்து இந்தச் சேவையின் தரமே மாறிவிடுகிறது. கொலை, விஷம், ஊனப்படுத்துதல் என்றால் ஐந்துக்கு மூன்றரை தரலாம். கட்டிப்போட்டுப் பட்டினி போடுவது என்றால் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

இதற்குக் காரணம் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன் 11(1) பிரிவு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. உடலை அசைக்க முடியாத கூண்டு, கழுத்தை இழுக்கும் குட்டைச் சங்கிலி, தண்ணீரும் நிழலும் தராதது, வளர்த்துவிட்டுத் தெருவில் விடுவது என எல்லாமே அதில் குற்றம்தான். தண்டனைதான் பரிதாபம். முதல் தடவைக்கு 10 முதல் 50 ரூபாய் அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அறுபது ஆண்டு தாண்டியும் இந்தத் தொகையை மாற்றாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்கள். அதனால்தான் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கொடூரமாகக் கொல்வது அல்லது உறுப்பைச் சிதைப்பது, சண்டைக்குக் களம் நடத்துவது, பால் சுரக்க உடம்பைக் கெடுக்கும் ஊசி போடுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. ஊசி விஷயத்தில் 12ஆம் பிரிவு 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. பால் பண்ணை தொடர்பான புகார்களில் பலரும் இதைக் குறிப்பிட மறந்துவிடுகிறார்கள்.

உண்மையில் வேலை செய்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விலங்கைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், ஊனமாக்கினாலும் ஐந்து ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர். போட மாஜிஸ்திரேட் உத்தரவு தேவையில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்குக்கு 10 ரூபாய், 50 ரூபாய் என்று விலைக் கணக்கு இருந்தது, அது இப்போது இல்லை. இருந்தாலும் ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ இழப்பு உண்டாக்கியதாகக் காட்ட வேண்டும். தெருநாய் என்றால் எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே யார் சோறு வைத்தார்கள், யார் தடுப்பூசி போட்டார்கள் என்பதை மனுவில் எழுதுங்கள். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது வெட்டப்பட்டிருந்தால் அதையும் படம் எடுத்துச் சேருங்கள். பொதுப்பணம் செலவான நாய் அது.

விஷ வழக்குகள் பெரும்பாலும் முதல் நாளிலேயே கெட்டுப்போகின்றன. நாற்றம் வந்துவிடும் என்று உடலை உடனே புதைத்துவிடுகிறார்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் விஷம் என்று நிரூபிப்பது மிகக் கடினம். உடலைச் சாக்கில் சுற்றி ஐஸ் வைத்து நிழலில் வையுங்கள். பரிசோதனை கேட்டு அரசு கால்நடை மருத்துவருக்குக் கடிதம் கொடுக்கும்படி ஸ்டேஷனில் வற்புறுத்துங்கள். இரைப்பையும் அதில் உள்ளதும், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை எடுத்து, இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஃபார்மலினில் போட்டால் நஞ்சுப் பரிசோதனை கெட்டுவிடும். பக்கத்தில் குருணைப் பூச்சிமருந்து கலந்த சோறோ கறித்துண்டோ கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, போலீஸ் வந்து எடுக்கும்வரை மூடி வையுங்கள்.

மாட்டு லாரிக்கு அளவுநாடா போதும். மத்திய மோட்டார் வாகன விதி 125இ, பசு அல்லது எருமை ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் தடுப்பறை வேண்டும் என்கிறது. ஆட்டுக்கு 0.3, பன்றிக்கு 0.6. பதினேழு அடி நீளமும் ஏழு அடி அகலமும் உள்ள லாரித் தளம் ஏறக்குறைய 11 சதுர மீட்டர், அதாவது ஐந்து மாடு. அதற்குள் இருபது மாடு நின்றால், தலை தூக்க முடியாமல் ஒன்றின் கொம்பு அடுத்ததன் கண்ணில் குத்தும். கீழே விழுந்தது மிதிபட்டே சாகும். வண்டி எண், மாடுகளின் எண்ணிக்கை, தடுப்பு உண்டா இல்லையா, இந்த மூன்றும் மனுவில் இருக்கட்டும்.

வீடியோ எடுத்திருந்தால் மூலக் கோப்பை போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போய்வந்த பிரதி தரம் குறைந்துவிடும், எடுத்த நேரமும் இடமும் அதில் இருக்காது. நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குத் தனிச் சான்றிதழும் கேட்பார்கள்.

ஆன்லைனில் புகார் கொடுப்பது வசதிதான், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிவாகும். 1962 என்பது கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண். சிகிச்சைக்கு அழைக்கலாம், அங்கே புகார் எடுக்க மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் புகாரை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வதைத் தடுப்புச் சட்டப்படி மட்டும் வழக்கு என்றால் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். 325க்கு அந்தக் கெடு இல்லை.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை, மீட்ட விலங்கை வைத்துக்கொள்ள ஸ்டேஷனில் இடமில்லாதது. அடித்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிடும் ஆபத்து இதனால்தான் வருகிறது. வழக்கு முடியும்வரை விலங்கைக் கோசாலையிலோ வதைத் தடுப்புச் சங்கத்திலோ வைக்க 2017ஆம் ஆண்டின் விதிகள் இடம் கொடுக்கின்றன, செலவையும் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் போடலாம். ஏற்க ஒப்புக்கொண்ட காப்பகத்தின் கடிதத்தை முதல் மனுவோடேயே இணைத்துக் கொடுங்கள்.