‘ஒரிஜினல் வேஃபேரர்’ பாய்ப்படகு விளம்பரம் பார்த்தீங்களா? அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நேற்று ராத்திரி மச்சான் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். வெள்ளைப் படகு, நீலப் பட்டை, பின்னால் ரெண்டு தென்னை, ஓரத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ‘ஒரிஜினல் வேஃபேரர், 16 அடி, அதிகம் ஓட்டாதது, அவசர விற்பனை.’ இதே நாலு போட்டோவைப் பார்த்துத்தான் போன வருஷம் நான் 1,85,000 ரூபாய் கொடுத்தேன். நான் வாங்கின படகு பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது, கோழி அடைகாக்கிறது. போட்டோவில் இருக்கிற படகு எனக்கு விற்ற ஆளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று இப்போது புரிகிறது.

பேர், ஊர், நம்பர் எதுவும் போடவில்லை. போட்டால் கேஸ் என் மேலேயே திரும்பும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மஸ்கட்டில் பதினோரு வருஷம் இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நண்பர் புண்ணியத்தில் பாய்ப்படகு ஓட்டப் பழகினேன். ஊருக்கு வந்து செட்டிலான பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அதிராம்பட்டினம் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய அலை கிடையாது, கரையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புத் தண்ணீர்தான், காலுக்கடியில் சேறு. அடியில் நிரந்தரமாக ஆழத்தில் தொங்குகிற தண்டு (கீல் என்பார்கள்) வைத்த படகு இங்கே தரைதட்டி நிற்கும். நடுவில் ஏற்றி இறக்குகிற பலகை வைத்த இலேசான படகுதான் இந்தக் கரைக்குச் சரி. அந்த வகையில் இங்கிலாந்தில் இயன் ப்ராக்டர் 1957-ல் வரைந்த வேஃபேரருக்கு நல்ல பேர். நீளம் 4.82 மீட்டர், வெறும் படகு 168 கிலோ. பலகையை ஏற்றிவிட்டால் 20 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், அதாவது ஒரு சாண்கூட வேண்டாம். இறக்கினால் 1.17 மீட்டர். இலேசாக இருப்பதால் காற்று கூடும்போது தண்ணீரைக் கிழிக்காமல் மேலே வழுக்கிக்கொண்டு ஓடும், வேகமே அதில்தான். ஃபிராங்க் டை என்பவர் 1963-ல் இதே ரகத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போயிருக்கிறார். நான் மல்லிப்பட்டினம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் போதும் என்று இருந்தேன்.

ஷெட்டுக்குப் போனபோது படகு நாலு லாரி டயர் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. புது பெயின்ட் வாசனை. போட்டோவில் இருந்த தென்னையும் இல்லை, நாற்காலியும் இல்லை. கேட்டதற்கு, ‘அது பழைய எடம் சார், இப்பதான் இங்க மாத்துனோம்’ என்றார். பலகையை இறக்கிக் காட்டச் சொன்னேன். ‘பெயின்ட் ஈரமா இருக்கு சார், இப்ப எறக்குனா ஒட்டிக்கும்.’ சரி, தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமா என்றேன். ‘தண்ணி வத்திக் கெடக்கு சார். அடுத்த வாரம் வாங்க, நானே எறக்கித் தரேன். ஆனா திருச்சிக்காரர் ஒருத்தர் நாளைக்கு வரேன்னிருக்கார்.’ கஜா புயலிலேயே ஒரு கீறல் படாத படகு என்று பெருமை வேறு.

அந்தத் திருச்சிக்காரர் பேரைக் கேட்டதும் எனக்கு மூளை நின்றுவிட்டது. 2,40,000 சொன்னதை 1,85,000-க்கு இறக்கினேன் என்று கெட்டிக்காரத்தனம் வேறு. அங்கேயே 50,000 ஜிபே பண்ணினேன், மீதி மறுநாள் ரொக்கம். ரசீது கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் படித்தேன்: ‘பழைய ஃபைபர் சாமான் ஒன்று, உள்ளது உள்ளபடி.’ படகு என்ற சொல்லே அதில் இல்லை.

ஏற்றிவந்த ஈச்சர் டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். ‘என்ன சார், ஃபைபர்னு சொன்னீங்க, எட்டுப் பேர் தூக்க வேண்டியதாப் போச்சே?’ வழியில் ஒரு அரிசி ஆலை எடைமேடையில் நிறுத்தினோம். வண்டியின் காலி எடை அவருக்குத் தெரியும். கழித்துப் பார்த்தால் 340 கிலோ, பத்து கிலோ முன்னப்பின்ன இருக்கலாம். பாய்மரம், பாயின் அடியை விரித்துப் பிடிக்கிற கழி (பூம்), பாய் எல்லாம் சேர்ந்த கணக்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். 168-க்குப் பக்கத்தில் 340. பாயும் மரமும் 170 கிலோவா இருக்கும்? பணம் கொடுத்த பிறகு மனுஷனுக்குக் கணக்கு வராது.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கினோம். நானும் மச்சானும், ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். (அதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன்.) மதியத்துக்கு மேல் கடல்காற்று தெற்கிலிருந்து நன்றாகவே அடித்தது. பலகையை இறக்கி, பாயை இழுத்துக் கட்டி, படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் காலுக்கடியில் ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம். பிறகு ‘டொக்.’ அவ்வளவுதான். படகு முன்னே போவதை நிறுத்திவிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் கரையைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

காற்று பக்கவாட்டில் வரும்போது பாய் படகை முன்னாலும் தள்ளும், பக்கத்திலும் தள்ளும். பக்கத்தில் போகவிடாமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தப் பலகை. மொத்த அழுத்தமும் பலகை ஏறி இறங்குகிற பெட்டியிலும், அதன் அடி இணைப்பிலும், பலகை தொங்குகிற ஒரே ஒரு போல்ட்டிலும்தான் இறங்கும். எங்களுக்கு அந்த போல்ட் முறிந்துவிட்டது. பலகை கயிற்றில் தொங்கிக்கொண்டு பெட்டிக்குள் முறுக்கி அடித்ததில் பெட்டியின் அடி பிளந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. பின்பக்கக் காற்றறை எப்படியும் மிதக்க வைக்கும் என்று நம்பினேன். அதற்குள் ஏற்கெனவே தண்ணீர். தொங்கின பலகை சேற்றில் குத்தி, கரைக்கு 150 மீட்டர் இருக்கும்போது படகு நின்றுவிட்டது. இறங்கினால் இடுப்பளவு. காற்று கரையைப் பார்த்து அடித்ததால் பிழைத்தோம். இதுவே வாடைக்காற்று நாளாக இருந்திருந்தால் வேற கதை.

முட்டளவு சேற்றில் படகை இழுத்துக்கொண்டு வந்தபோது கரையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். வத்தை என்கிற நாட்டுப் படகில் பாய் கட்டி ஓடின தலைமுறை. தட்டை அடி வத்தைக்கும் இதே பிரச்சினை உண்டு, அதற்குப் பக்கத்தில் பலகை கட்டுவார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி ஸ்வெய்ன் குடும்பத்தினர் 1811-ல் படகின் நடுவே ஒரு முனையில் சுழன்று இறங்குகிற பலகைக்கு காப்புரிமை வாங்கினார்கள் என்பதெல்லாம் நான் படித்து வைத்த சங்கதி. பெரியவர் குனிந்து பிளவுக்குள் எட்டிப் பார்த்தார். ‘நாங்க பலகைய வெளியில கட்டுவோம் தம்பி. ஒடஞ்சா கண்ணுக்குத் தெரியும், மாத்திக்கலாம். ஒங்களுது வயித்துக்குள்ள வச்சிருக்கு. வயித்துக்குள்ள இருக்கறத வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேணாமா?’

முறிந்த போல்ட் இப்போதும் என் மேசை மேல் இருக்கிறது. ‘எஸ்.எஸ். 316, கடலுக்கே உள்ளது’ என்று, அதாவது துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்ற போல்ட். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் பாய்ந்து ஒட்டுகிறது. 316 அப்படி ஒட்டாது. இது சாதா இரும்புக்கு வெள்ளி பெயின்ட். முறிந்த முகத்தைப் பார்த்தால் முக்கால் பாகம் காவி நிறம், கால் பாகம் மட்டும் பளபளப்பு. அந்தக் காவி முழுக்கப் பழைய விரிசல். அதாவது நான் வாங்கும்போதே கால்வாசி இரும்பில்தான் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ‘அலுமினியம்’ என்று சொன்ன பலகையும் இரும்புத் தகடுதான்.

ஃபைபர் மேஸ்திரி உடனே கிடைக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையேறி ரிப்பேர் நடக்கிற சீசன், அவருக்கு மூச்சு விட நேரமில்லை. ஜூன் கடைசியில் வந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு வேலை பெருகினபோது தொழில் கற்றவர், நல்ல கை. வந்ததும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் படகைத் தட்டிக்கொண்டே போனார், சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டுவார்களே, அதே மாதிரி. ‘டங் டங்’ என்று போய்க்கொண்டிருந்தது ஒரு இடத்தில் ‘பொத்’ என்றது. அங்கே தேய்த்தார். பெயின்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே மேல் விளிம்பிலிருந்து பலகைப் பெட்டி வரைக்கும் ஓடுகிற ஒரு விரிசல். பின்பலகைக்குள் வைத்திருந்த ப்ளைவுட் ஊறின வரட்டி மாதிரி கையோடு வந்தது.

பின் காற்றறையின் மூடி பசை போட்டு ஒட்டியிருந்தது. அதை நெம்பித் திறந்ததும் வந்த நாற்றத்தைச் சொல்லி முடியாது. தண்ணீர் குடித்த தெர்மோகோல், காய்ந்த கறுப்புச் சேறு, ஏழெட்டு நத்தை ஓடு, ஒரு துண்டு தென்னம்பன்னாடை. மேஸ்திரி பன்னாடையைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார். ‘மேல தென்னமரம் விழுந்து தண்ணிக்குள்ள கெடந்த படகு சார் இது. கஜாவுல போனதாத்தான் இருக்கும்.’ 2018 நவம்பர் 16 விடிகாலையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் கொல்லையிலும் ஒரு மரம் மிஞ்சவில்லை. அந்தப் புயலில் ஒரு கீறல் படாத படகாம்.

வேஃபேரரா என்றால் அதுவும் இல்லை. எதிலிருந்தோ அச்சு எடுத்துக் கனமாக ஊற்றின நகல். அசலுக்குப் படகு எண் உண்டு, பாயிலும் அதே எண் இருக்கும். என் பாயில் ஒரு ‘டபிள்யூ’ எழுத்தை சிவப்புத் துணியில் வெட்டி ஒட்டியிருந்தது, எண்ணே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் துணி அப்பளம் மாதிரி கிழிகிறது. வெயில் தின்ற பாய்.

பணம் திரும்பக் கேட்டபோது முதல் வாரம் ‘சார்’ என்றார், ரெண்டாவது வாரம் ‘அண்ணே’ என்றார், மூணாவது வாரம் போனே எடுக்கவில்லை. ஸ்டேஷனில் ரசீதைப் பார்த்துவிட்டு சிவில் விவகாரம் என்றார்கள். வக்கீல் நோட்டீஸ் ‘விலாசத்தில் ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தது. ஷெட்டுக்கு நேரில் போனேன். நாலு லாரி டயர் மட்டும் அப்படியே இருந்தது.

ஆகவே யாராவது போகிறீர்கள் என்றால் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்கும். படகைப் பக்கவாட்டில் சாய்க்கச் சொல்லி, பலகையை முழுக்க இறக்க வைத்து, கையால் பிடித்து ஆட்டுங்கள். நுனி ஆடினால் ஆடட்டும், பெட்டி அசையக் கூடாது. காற்றறை மூடியைத் திறக்க மாட்டேன் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். எடை போடாமல் ஏற்றாதீர்கள். ரசீதில் படகு என்று எழுத வையுங்கள்.

இன்றைக்குக் காலையில் மச்சான் அவருடைய அக்கா பையன் நம்பரிலிருந்து அந்த விளம்பரத்துக்கு ஒரு மெசேஜ் போட்டார்: ‘படகைத் தண்ணில எறக்கிக் காட்ட முடியுமாண்ணே?’ பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

‘தண்ணி வத்திக் கெடக்கு தம்பி. அடுத்த வாரம் வாங்க. ஆனா திருச்சிக்காரர் ஒருத்தர் நாளைக்கு வரேன்னிருக்கார்.’