"5 மி.மீ. டைவிங் சூட்" என்று விற்றார்கள், அது டைவிங் சூட்டே இல்லை

வெதுவெதுப்பான கடலில் டைவ் பண்ணிப் பழகிவிட்டுக் குளிர்ந்த தண்ணீருக்குப் போகப்போகிறவர்கள், வெட்சூட்டுக்கு (தண்ணீருக்குள் உடம்பு வெப்பத்தைக் காக்கும் ரப்பர் உடை) பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட, எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

கடையில் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். மேற்பரப்பில் 24 டிகிரி, அடியில் 17 வரை இறங்கும், 25 மீட்டருக்குக் கீழே போவேன், ஒரே நாளில் இரண்டு டைவ். விற்றவர் அதை எதையும் காதில் வாங்கவில்லை. உயரமும் எடையும் மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு ஃபுல் சூட்டை எடுத்துவந்தார். "5 மி.மீ., டைவிங்குக்குன்னே வந்தது, எல்லாத் தண்ணிக்கும் இது போதும்" என்றார். கழுத்துப் பட்டையின் உள்பக்கம் "5 மி.மீ." என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது.

மேலே இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. 18 மீட்டர் தாண்டியதும் தெர்மோக்ளைன், அதாவது வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் அடுக்கு. அதைக் கடந்ததும் டைவ் கம்ப்யூட்டர் 17 காட்டியது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை காலை உதைக்கும்போதும் இடுப்புக்குப் பின்னால் குளிர்ந்த தண்ணீர் புகுந்து முதுகில் ஏறியது. கையின் உள்பக்கத் தையல் எங்கே ஓடுகிறது என்பதைச் சில்லென்ற கோடாகத் தோலிலேயே உணர முடிந்தது. விரல்கள் மரத்துப்போய் டார்ச்சின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. நடுக்கத்தில் மூச்சு வேகமாகி, கூட வந்தவரைவிட என் டேங்கில் காற்று சீக்கிரம் குறைந்தது. மேலே போகலாம் என்று சைகை காட்டிவிட்டேன். மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நின்ற மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப் முழுக்கப் பல் தந்தியடித்ததில், மூச்சு விடும் ரெகுலேட்டரைக் கடித்துப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. இரண்டாவது டைவ் போகவில்லை.

சூட் காய்ந்ததும் அந்த ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அடியில் தயாரிப்பாளரின் அசல் லேபிள், "5/3" என்று. உடம்புப் பகுதி 5, கையும் காலும் 3 என்பது அதன் பொருள். வெர்னியர் காலிபர் வைத்து அளந்தேன், அப்படியேதான் இருந்தது. மாடல் எண்ணைத் தேடினால் அது அலைச்சறுக்குக்கான சூட். தையலை விளக்குக்கு நேராகப் பிடித்து இழுத்தபோது ஊசி போன ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"நியோபிரீன் நியோபிரீன்தானே, இதில் என்ன வித்தியாசம்" என்று கடையில் கேட்டார்கள். நிறையவே இருக்கிறது. நியோபிரீன் என்பது உள்ளே நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த ரப்பர். உடம்புச் சூட்டைக் காப்பது அந்தக் குமிழ்கள்தான். சூட்டுக்கும் தோலுக்கும் நடுவில் சிக்கும் மெல்லிய நீர்ப்படலம் அசையாமல் இருந்தால்தான் அது வெதுவெதுப்பாக நிற்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக நம் உடம்பு வெப்பத்தைக் கடத்திவிடும். அதனால் தையல் வழியாகவும் முதுகு வழியாகவும் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் எத்தனை மி.மீ. போட்டும் பயனில்லை.

அடுத்தது ஆழம். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழ்கள் நசுங்கி சூட் மெலியும். தண்ணீர் அதிகமாகக் குளிரும் இடத்தில்தான் நம் சூட்டும் மெலிந்திருக்கும். அலைச்சறுக்குக்காரர்கள் மேற்பரப்பை விட்டு இறங்குவதில்லை. கையை வீசித் துடுப்புப் போட வேண்டும் என்பதால் அவர்களுக்கு மிருதுவான நியோபிரீன் கொடுப்பார்கள். அது நன்றாக வளையும், ஆழத்தில் சீக்கிரம் நசுங்கும். டைவிங் சூட்டில் அடர்த்தியான நியோபிரீன் இருக்கும். அணியக் கஷ்டம், ஆனால் கீழே தாக்குப்பிடிக்கும்.

தடிமனை முடிவு செய்ய மேற்பரப்பு வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், நீங்கள் போகும் ஆழத்தின் வெப்பநிலையைக் கேளுங்கள். பொதுவாக 28க்கு மேல் மெல்லிய சூட்டோ, கை கால் குட்டையான ஷார்ட்டியோ போதும். 24 முதல் 28 வரை 3 மி.மீ. ஃபுல் சூட். 20 முதல் 24 வரை 5. அதற்குக் கீழே 7 மி.மீ., ஹூட், கையுறை, பூட்டுகளோடு. 15ஐ நெருங்கினால் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வழவழப்பான பட்டை இறுக்கிப் பிடித்து, தண்ணீர் உள்ளே வருவதைக் குறைக்கும் செமி-டிரை சூட். 10க்குப் பக்கத்தில் போனால், தண்ணீரே உள்ளே புகாத டிரைசூட்டைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சீக்கிரம் குளிருகிற உடம்பாக இருந்தாலோ, ஒரே நாளில் பல டைவ் போனாலோ ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். முதல் டைவில் இழந்த சூடு இடைவேளையில் முழுசாகத் திரும்பியிருக்காது. இந்தக் கணக்குப்படி எனக்குத் தந்திருக்க வேண்டியது 7. லேபிளை மறைக்காமல் இருந்திருந்தால்கூட அவர்கள் சொன்ன 5 தவறான ஆலோசனைதான்.

இது வெறும் சொகுசு விஷயமில்லை. மேலே வரும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, திசுக்களில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகும். அந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழாக மாறுவதால் வரும் டிகம்ப்ரஷன் நோய்க்கான ஆபத்து அதனால் கூடுகிறது. அது தெரிந்தே ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "தண்ணீரில் நனைத்ததை எடுக்க மாட்டோம்" என்றார்கள். தண்ணீரில் இறங்காமல் வெட்சூட்டின் குறையை யாரால் கண்டுபிடிக்க முடியும்? ஸ்டிக்கரைக் காட்டியதும் பேச்சை மாற்றி, உள்ளே போட 3 மி.மீ. வெஸ்ட் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், அதற்குத் தனிக் காசு. வெஸ்ட் நல்ல பொருள்தான், ஆனால் 3 மி.மீ. கையையும் ஓட்டைத் தையலையும் அது சரிசெய்யாது.

வாங்கும்போது போட்டுப் பாருங்கள். குனிந்து நிமிர்ந்து, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். இடுப்பின் வளைவிலும் அக்குளிலும் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும் உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்நீருக்கு என்றால் ஒட்டி, ஊசி மறுபக்கம் துளைக்காமல் தைத்த தையலா என்று கேளுங்கள். ஊசி முழுசாகத் துளைத்துப் போகும் ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் வெதுவெதுப்பான தண்ணீருக்குத்தான் சரி. பில்லில் "டைவிங் சூட்" என்ற சொல்லோடு, உடம்புக்கு எத்தனை, கை கால்களுக்கு எத்தனை மி.மீ. என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் "வெட்சூட் 1" என்று மட்டும்தான் இருக்கிறது. நுகர்வோர் புகாருக்கு நான் இப்போது நம்பியிருப்பது உரித்தெடுத்த அந்த ஸ்டிக்கரையும் லேபிளின் போட்டோவையும்தான்.